விரலுக்குள் காந்தம், பக்கத்தில் ஒரு மடி

(பெங்களூரு லிங்கராஜபுரத்தில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)

இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டு கேட்கும் பிள்ளைகளே, இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

போன ஆடி மாதம் என் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். வயது 24. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன் என்றாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பட்டன் காந்தங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு குச்சி மாதிரி நின்றன. ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தட்டை வில்லை. “மாமா, இதுமாதிரி ஒண்ண மோதிர விரல்ல, தோலுக்குக் கீழ வச்சுக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்க கூட இருப்பீங்களா?” என்று கேட்டாள்.

நான் உடனே வாய் திறக்கவில்லை. இவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்த்தினார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் வீறிட்டு அழுதாள். அவள் இரண்டு கையையும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் காது முடிந்து இரண்டாவது காதுக்கு ஆசாரி இந்தப் பக்கம் திரும்பியபோது, அந்தச் சின்ன விரல்கள் என் கட்டைவிரலை இறுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. “கூட இருப்பீங்களா” என்று அவள் கேட்டதும் நான் போய் நின்ற இடம் அதுதான். அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. மோட்டார் வைண்டிங் பண்ணிச் சாப்பிட்டவன். அப்பா கோலார் தங்கவயலில் இருந்தவர். சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் சுரங்கத்துக்குத்தான். பெங்களூரு தெருவிளக்குக்கு அது வந்தது 1905-இல். இதைச் சொல்லாமல் அப்பா யாரையும் விடமாட்டார். நான் பையப்பனஹள்ளி என்.ஜி.இ.எஃப்.-இல் வேலை பார்த்தேன். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பெனியின் கூட்டோடு டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் செய்த இடம். 2000-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டபின் ஆயில் மில் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஷட்டரில் தொழிலைத் தொடர்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திப் பேரிங் சத்தம் கேட்போமே, அதுதான் எங்கள் ஸ்டெதாஸ்கோப். எதிர்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தே அடுத்த அறையில் எந்த மெஷின் ஓடுகிறது என்று சொல்லக்கூடியவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விரலால் தொட்டு அறிய வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டால் அதைக் கிறுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த ஆசை எங்கிருந்து தொடங்கியது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஸ்டீவ் ஹாவொர்த் என்றொருவர். தோலுக்குக் கீழே உலோக உருக்களை வைத்து உடம்பை மாற்றி அமைப்பது அவர் தொழில். அவருக்கும் ஜெஸ்ஸி ஜாரெல் என்பவருக்கும் தெரிந்த ஒருவரின் விரலில் விபத்தில் ஒரு இரும்புத் துணுக்கு தங்கிவிட்டது. அந்த ஆள் ஒலிபெருக்கிகளோடு வேலை செய்பவர். ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பக்கத்தில் கை போனால் அந்தத் துணுக்கு உள்ளே இழுபடுவது அவருக்குத் தெரிந்தது. ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்த யோசனை இது. இரும்புக்குப் பதிலாகக் காந்தத்தையே வைத்தால் என்ன என்று 2000-களின் நடுப்பகுதியில் ஹாவொர்த்தும் ஜாரெலும், டாட் ஹஃப்மன் என்ற இளைஞரும் சேர்ந்து முயன்றார்கள். காந்தத்துக்கு சிலிக்கோன் உறை போட்டார்கள். மருத்துவர் அல்லாதவர் மரத்துப்போகும் ஊசி போட அங்கே சட்டம் இடம் தராது. விரலை ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுத்தான் கீறினார்கள்.

இது நடக்க முதலில் அவ்வளவு சின்னக் காந்தத்தில் அவ்வளவு பலம் வேண்டும். அதைக் கொடுத்தது நியோடிமியம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும், ஒருவரை ஒருவர் அறியாமல், நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் சேர்த்து அதுவரை இல்லாத பலமுள்ள காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டிலும் இந்த நியோடிமியம் இருக்கிறது. என் மருமகள் டப்பாவில் இருந்த ஒரு வில்லையின் எடை சுமார் 50 மில்லிகிராம். அதை வைத்து ஒரு குண்டூசியைத் தூக்கலாம். அது வேடிக்கைதான். விஷயம் அதில்லை.

விஷயம் அதிர்வு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள், என் ஆயுள் முழுவதும் இதோடுதான் பழகினேன். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. சுருளாகச் சுற்றிய கம்பியில் அது ஓடும்போது சுற்றிலும் எழும் காந்தப்புலமும் அதே வேகத்தில் திசை மாறுகிறது. விரலுக்குள் ஒரு நிலைக்காந்தம் இருந்தால் அந்தப் புலம் அதை ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் தள்ளுகிறது. அதாவது காந்தம் உள்ளே வினாடிக்கு 50 முறை நடுங்குகிறது. விரல் நுனியில் தொடு உணர்வு முனைகள் அத்தனை நெருக்கம். அவற்றில் ஒரு வகை அதிர்வுக்கென்றே அமைந்தது. அந்த நடுக்கம் அவற்றுக்கு எட்டிவிடுகிறது.

இப்போது காதுக்கு வருவோம். டிரான்ஸ்பார்மர் ‘ம்ம்ம்’ என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த முனகல் 50 அல்ல, 100. உள்ளே இருக்கும் இரும்புத் தகடு காந்தம் ஏறும்போது இம்மியளவு நீளம் மாறும். காந்தம் எந்தத் திசையில் ஏறினாலும் அதே மாற்றம்தான். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. ஆகவே காது கேட்பது 100, காந்தம் வைத்த விரல் உணர்வது 50. முப்பது வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது மின்சாரத்தின் எதிரொலியைத்தான். விரலில் காந்தம் இருப்பவருக்கு அதன் அசல் நடை தெரிகிறது. இதை முதன்முதலில் யோசித்துப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்த விரல் சொல்லாதவையும் நிறைய. பின்னால் நிற்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். காந்தம் வைத்துக்கொண்டால் எந்த வயரில் கரண்ட் இருக்கிறது என்று தொடாமலே தெரியும், ஷாக்கிலிருந்து தப்பலாம் என்று சிலர் நம்புகிறார்கள். தவறு. கரண்ட் ஓடினால்தான் காந்தப்புலம். சுவிட்ச் போட்டு, எதுவும் இணைக்காமல் சும்மா நிற்கிற வயரில் 230 வோல்ட் இருக்கும், காந்தப்புலம் துளியும் இருக்காது. கரண்ட் ஓடுகிற வயரிலும் போகிற கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டி ஒட்டிப் போவதால் ஒன்றின் புலத்தை மற்றது கிட்டத்தட்டத் தின்றுவிடும். விரல் அமைதியாக இருக்கிறதே என்று கை வைத்தால் உயிர் போகும். அதற்கு டெஸ்டர் இருக்கிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உடம்பைத் துளைத்து உலோகம் வைப்பது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது. தெற்கத்திப் பாட்டிகளின் பாம்படத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு குணுக்கு என்கிற ஈயவளையத்தைத் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் சோணையைத் தோள்வரை இறக்கினார்கள். புண் வைத்த காலம் முழுவதும் ஒரு கிழவி பக்கத்தில் இருந்து எண்ணெய் போட்டாள், ஈ மொய்க்காமல் பார்த்தாள், அடுத்த வளையம் எப்போது என்று முடிவு செய்தாள். காலம் மாறியதும் அதே பெண்களில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோணையை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். வைத்ததை எடுக்க வேண்டிய நாளும் வரும் என்பதற்கு அந்தத் தையல் தழும்புகள் சாட்சி.

பச்சை குத்தும் குறத்திகள் கையாண்ட முறையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்துத் துணியில் கட்டி, விளக்கில் எரித்து, அந்தக் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தார்கள். குத்தும்போது வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள் என்று என் ஆயா சொல்வார். ஆடிக் கிருத்திகைக்கு இந்தப் பக்கத்துத் தெருக்களில் காவடி வரும்போது அலகு குத்தியவரைப் பாருங்கள். அவர் தனியாக நடந்து வருவதே இல்லை. விரதம் தொடங்கிய நாளிலிருந்து கண்காணித்த குருசாமி ஒருவர், கைத்தாங்கலாக இரண்டு பேர், அலகை எடுத்ததும் திருநீறு வைத்து அழுத்த ஒருவர், வழியில் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவத் தெருவே. மலேசியாவின் பத்துமலையில் தைப்பூசத்துக்குப் போய்வந்த சொந்தக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

காந்தமும் நமக்குப் புதிதில்லை. உடம்பில் தைத்த இரும்பு முனையை வெளியே எடுக்கக் காந்தக்கல்லைப் பயன்படுத்தலாம் என்று சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. சித்த வைத்தியத்தில் காந்தச் செந்தூரம் இருக்கிறது, ரத்தசோகைக்குக் கொடுப்பார்கள். தோலுக்குக் கீழே பொருள் வைப்பதும் பழையது. ஜப்பானியப் போர்வீரர்கள் இரும்பு ஆயுதம் தம்மைத் தொடாதிருக்கக் கையில் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒரு கல்லை வைத்துக்கொண்டதாக மார்க்கோ போலோவின் பயண நூல் கூறுகிறது. மலேசியாவில் ‘சுசுக்’ என்று பொன் ஊசிகளை முகத்தில் வைத்துக்கொள்ளும் மலாய் வழக்கம் உண்டு. வைத்தவர் வெளியே சொல்லமாட்டார். பல்லுக்கு எக்ஸ்-ரே எடுக்கும்போது தெரிந்துவிடும்.

இவற்றை வரிசையாக அடுக்கியது பழம்பெருமைக்காக இல்லை. காது குத்து, பாம்படம், பச்சை, அலகு, எதிலும் குத்துகிறவர் ஒருவர், பிடித்துக்கொள்கிறவர் ஒருவர், ஆறும்வரை பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருந்தார்கள். தாய்மாமன் மடி என்பது வெறும் சடங்கு என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். இந்தப் பிள்ளை சீழ் பிடித்துக் காய்ச்சலில் விழுந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அது பதில். சீர் வரிசை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. விரலில் காந்தம் வைக்கும் இந்தப் புதிய பழக்கத்தில் அந்த மடிதான் காணோம். கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடும் ஐஸும் வைத்துக்கொண்டு, தனியாகச் செய்கிறார்கள்.

தனியாகச் செய்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெஃப்ட் அனானிம் என்ற புனைபெயர் கொண்டவர், 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினி ஆர்வலர் மாநாட்டு மேடையில் தாமே தம்மைக் கீறிக்கொண்ட கதையைச் சொன்னார். காய்கறித் தோல் சீவும் கருவி, கிருமி நீக்க வோட்கா. ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த அனுபவமும் அதில் உண்டு. அவருடைய துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. கையில் பணமில்லாதவருக்கும் புதிய புலன் வேண்டும் என்ற அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேடைப்பேச்சைக் கேட்டு நம் தெருவில் ஒரு பிள்ளை சமையலறைக் கத்தியை எடுத்துவிடக்கூடாது என்று நெஞ்சு பதைக்கிறது.

தேர்ந்த கையால் வைத்தாலும் காந்தம் நம்பகமானது இல்லை. குவின் நார்ட்டன் என்ற பத்திரிகையாளர் ஹாவொர்த்திடம் காந்தம் வைத்துக்கொண்டார். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்குவதும், கடை வாசலில் திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் கதவு வழியே போவதும் விரலில் தெரிந்ததை 2006-இல் வயர்டு இதழில் எழுதினார். சில மாதத்தில் உறை கிழிந்தது. விரல் கறுத்துப் புண்ணாயிற்று. எடுக்கப் போனபோது காந்தம் உள்ளேயே நொறுங்கியது. புதிய புலனும் போயிற்று. அப்புறம் மாதங்கள் கழித்து, உடைந்த துகள்கள் தோலுக்குள்ளேயே ஒன்றையொன்று இழுத்து மறுபடி ஒரு கட்டியாகச் சேர்ந்தன என்று எழுதுகிறார். வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஏன் நொறுங்குகிறது? நியோடிமியக் காந்தம் இரும்புக் கட்டி மாதிரி உறுதியானது இல்லை. தூளை அழுத்திச் சுட்டுச் செய்வது, மண்பாண்டத்தின் குணம். கீழே போட்டால் விளிம்பு தெறிக்கும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். உடம்பு முழுக்க உப்புத் தண்ணீர்தானே! எஸ்.பி. ரோட்டில் கிடைப்பதற்கு மேலே நிக்கல் பூச்சுத்தான். பலருக்கு நிக்கல் தோலில் பட்டாலே அரிப்பு வரும், கவரிங் தோடு போட்டுக் காது புண்ணான பெண்களைக் கேளுங்கள். அதனால்தான் வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் டைட்டேனியம் நைட்ரைடு பூச்சு, பாரிலீன் பூச்சு, முழு டைட்டேனியம் உறை என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், கதை முடிந்தது.

நானும் அவளும் ஒரு கை அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்கப் போனோம். நல்ல விரலைக் கீறமாட்டேன் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் விரட்டவில்லை. அரைமணி நேரம் உட்காரவைத்து ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். விரல் நுனிச் சதை ஒரே பஞ்சு இல்லையாம். தோலிலிருந்து எலும்புவரை நார்ச்சுவர்கள் குறுக்கே ஓடி அதைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்திருக்கின்றன. அங்கே சீழ் பிடித்தால் வெளியே வர வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரித்து, நுனி எலும்பையே அரித்துவிடும். நகச்சுற்று என்று நாம் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதைவிட இது பல மடங்கு மோசம். இன்னொன்றும் சொன்னார். தோலுக்குள் இருக்கும் காந்தத்தை வெளியே இன்னொரு காந்தத்தோடு ஒட்டவிட்டு விளையாடினால், நடுவில் மாட்டிய தோலுக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிடும்.

பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அந்த மெஷினின் காந்தப்புலம் சாதாரணமாக 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். மும்பையில் 2018 ஜனவரியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் நுழைந்த ஓர் இளைஞரை மெஷின் இழுத்துக்கொண்டு உயிரைப் பறித்த செய்தி நினைவிருக்கும். விரலில் இருக்கும் சிறு வில்லை அந்தப் புலத்தோடு நேராகத் திரும்பப் பார்க்கும், சதையைத் திருகும். நாளைக்கு ஒரு விபத்தில் நினைவில்லாமல் கிடக்கும் உங்களை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, “டாக்டர், இவ விரல்ல காந்தம் இருக்கு” என்று சொல்ல ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

காந்தத்தைத் தோலுக்குள் வைத்து நன்றாக வாழ்கிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். காது கேட்காமல் பிறந்த குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்களே, அதில் தலைத்தோலுக்குக் கீழே ஒரு காந்தம் இருக்கிறது. வெளியே காதுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமான வில்லையை விழாமல் பிடித்து வைப்பது அதுதான். சென்னையில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் முன்னின்று வளர்த்த சிகிச்சை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறது. மைசூரின் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்துக்கு இந்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார்களை ரயிலில் பார்த்திருக்கிறேன். அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அதற்குப்பின் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயிற்சி. “இது மணிச்சத்தம், இது அம்மா குரல்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அந்தக் காந்தத்தை என்ன செய்வது என்பதற்கு எழுதி வைத்த முறை இருக்கிறது. ஒரு குழந்தையின் தலையில் இருக்கும் ஒரு காந்தத்துக்காகச் சர்ஜன், ஆடியாலஜிஸ்ட், பயிற்சி ஆசிரியை, தாய், பாட்டி என்று எத்தனை பேர்! புதிய புலன் ஒன்றை உடம்பு ஏற்றுக்கொள்ள அத்தனை பேர் வேண்டியிருக்கிறது.

சரி, நாங்கள் இருவரும் என்ன செய்தோம்? கத்தியை எடுக்காமலே முதலில் பார்த்துவிடலாம் என்றேன். இடது மோதிர விரல் நுனியில் வில்லையை வைத்துப் பிளாஸ்திரி சுற்றினோம். உள்ளே இருப்பதன் கூர்மை இதில் வராது, ஆனால் உணர்வு வருகிறது. மூன்று மாதம் அவள் அப்படித்தான் இருந்தாள். வீட்டில் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாள். மிக்ஸி ஓடும்போது அதன் அடிப்பாகத்தின் பக்கத்தில் விரல் ரீங்காரம் போட்டது. இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் அதைவிடச் சீரான, ஆழமான நடுக்கம். மாவு மில்லின் பெரிய மோட்டாரில் அவள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. இரும்புக் கூட்டுக்குள்ளேயே புலம் அடங்கிவிடுகிறது. நல்ல மோட்டாருக்கு அது லட்சணம் என்றேன். தையல்கடையின் சின்ன மோட்டார் தாராளமாகக் கொடுத்தது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குக் கீழே அரைமணி நேரம் நின்றாள். ஒன்றுமில்லை. தூரம் கூடக் கூடப் புலம் வெகு வேகமாக மெலிந்துபோகும், நாம் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. மாரிக்குப்பம் ரயில் 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே போகும்போதும் நடைமேடையில் நின்ற விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த ஏமாற்றங்களையும் அவள் நோட்டில் எழுதி வைத்ததுதான் எனக்குப் பிடித்தது.

ஒருநாள் என் தங்கை, பிளாஸ்திரியைப் பார்த்து, விரல் வெட்டிக்கொண்டாளோ என்று பிடித்துக் கேட்டாள். மகளும் மறைக்கவில்லை. தங்கை கொஞ்ச நேரம் கத்தினாள். பிறகு, “எங்க, எனக்கும் சுத்து பார்க்கலாம்” என்றாள். மிக்ஸியைப் போட்டோம். அவள் முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வேன். “இருபது வருஷமா இதுலதான அரைக்கிறேன். உள்ள இப்படி ஒண்ணு ஓடுதுன்னு தெரியவே இல்லையே” என்றாள். சட்னி அரைத்து முடிந்த பின்னும் கையை எடுக்கவில்லை.

காந்தம் உள்ளே போகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கெவின் வார்விக்கின் குழு 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எனக்குக் காட்டினாள். விரலில் காந்தம் வைத்தவர் கம்பிச்சுருள் ஒன்றை மோதிரம்போல் மாட்டிக்கொள்கிறார். தூரத்தை அளக்கும் கருவி ஒன்று அந்தச் சுருளுக்குக் கரண்டை அனுப்புகிறது. எதிரே சுவர் நெருங்க நெருங்க விரலில் நடுக்கம் மாறுகிறது. மோர்ஸ் குறிகளையும் அப்படி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். கண் தெரியாத ஒருவருக்கு இது கைத்தடிக்குத் துணையாக முடியுமா என்று அவள் யோசிக்கிறாள். சுருளை நான் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். 42 கேஜ் கம்பி, மயிரிழை மாதிரி. கண்ணாடி போட்டுக்கொண்டும் இரண்டு முறை அறுந்துபோயிற்று; மூன்றாவது நின்றது. தோலுக்கு வெளியே ஒட்டிய காந்தத்தோடே அந்தச் சுருள் பேசுகிறது.

கம்மனஹள்ளிப் பக்கம் பச்சை குத்தும் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிகள் யாராவது வந்திருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் கை சுத்தம், உங்கள் ஊசி புதிது என்று எனக்குத் தெரியும். ஆனால் விரலைத் திறந்து பொருள் வைப்பது அறுவை சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போட உங்களுக்கு உரிமை இல்லை. யாராவது பிள்ளை காந்தத்தோடு வந்து நின்றால் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அவன் வீட்டுக்குப் போய்த் தானே செய்துகொள்வான். உட்காரவையுங்கள். பிளாஸ்திரியைக் காட்டுங்கள். என்னிடம் அனுப்பினாலும் சரி, ஷட்டர் காலை பத்து மணிக்குத் திறந்துவிடும். மருத்துவர்களுக்கும் இதையே சொல்வேன். கீறமாட்டேன் என்பது உங்கள் அறம். அந்த அரைமணி நேரப் பேச்சை மட்டும் மறுக்காதீர்கள்.

இப்போது மேஜைக்கு வரலாம். மிக்ஸியும் ஸ்டெபிலைசரும் தயார். ஒருவர் ஒருவராக வாருங்கள், என் மருமகள் உங்கள் விரலில் பிளாஸ்திரி சுற்றுவாள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், காந்தம் அதன் ஓட்டத்தை மாற்றிவிடும். காக்ளியர் கருவி இருப்பவர்களும் அப்படியே. ஏ.டி.எம். கார்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் காந்தம் தரமாட்டோம். இரண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்பு நடுவில் மாட்டி ஓட்டை விழுந்துவிடும். பிள்ளைகள் யாருக்காவது பார்க்க ஆசையாக இருந்தால், அம்மாவோ மாமாவோ மடியில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டிய பெரியவர் விரல்மேல் அவர்கள் விரலை வைத்தால் போதும், கொஞ்சம் தெரியும்.

எத்தனை எண்ணி எடுத்தாய்? பன்னிரண்டா? முடிந்ததும் பன்னிரண்டும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். சரி கண்ணு, மிக்ஸியைப் போடு.